ஒற்றையிலை ஏன் வாடியது

1

இன்று காலை காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது என் கணவர் முரளி ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "இது நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு" என்றார். அவர் காட்டியது ஒரு பூந்தொட்டியை. அவருக்கு வேலை போயும் இன்றோடு ஒரு வருடம்தான். இரண்டும் ஒரே நாளில் நடந்தவை. அவர் செடியை மட்டும் சொன்னார். நானும் செடியை மட்டும் பார்த்துத் தலையாட்டினேன். போன குளிர்காலத்தில் இப்படிச் சாதாரணமாகப் பேசிக்கொள்ள எங்களால் முடிந்திருக்காது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் வடக்கே, ப்ரேமன் என்ற ஊரில். ஆறும் துறைமுகமும் உள்ள ஊர். மழை பெய்யாத நாளைத்தான் இங்கே விசேஷமாகப் பேசுவார்கள். வெயிலைத் தவிர வேறு பருவம் தெரியாத திருச்சிக்காரியான எனக்கு முதல் வருடம் மழை பிடித்திருந்தது. அதற்குப் பிறகு, குடை எடுத்துக்கொண்டு போவது செருப்பு மாட்டிக்கொண்டு போவதைப் போல ஆகிவிட்டது.

முரளி கப்பல் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் கிடங்குச் சரக்கு விவரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் அந்தப் பிரிவையே மூடி, வேலையைப் பக்கத்து நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வேலைக்காக நாடு விட்டு வந்தவர்கள் நாங்கள். இப்போது வேலை எங்களை விட்டுவிட்டு நாடு தாண்டிப் போயிற்று.

கடைசி நாளன்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு செடி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வெள்ளைப் பீங்கான் தொட்டி, அதைச் சுற்றிப் பச்சை ரிப்பன். முரளி அதைச் செய்தித்தாளில் சுற்றி, ட்ராமில் மடியில் வைத்துக்கொண்டு, மழையில் நனையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் நனைந்திருந்தார்.

"என்ன செடிங்க இது?" என்று கேட்டேன்.

"ஐன்பிளாட்னு சொன்னாங்க. ஒற்றை இலைன்னு அர்த்தம்."

"இத்தனை இலை இருக்கே!"

"பேரு அப்படி" என்று சொல்லிவிட்டு உடை மாற்றப் போனார். அதன் பூவுக்கு இதழ் கிடையாது, ஒரே ஒரு வெள்ளை இலைதான் பூ மாதிரி நிமிர்ந்து நிற்கும், அதனால் அந்தப் பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குப் பட்டது வேறு. தொட்டியிலிருந்து நீளநீளமாய், நடுநரம்பு எடுப்பாய், கரும்பச்சையில் பளபளத்த அந்த இலைகளைப் பார்த்ததும், யாரோ ஒரு வாழைக்கன்றை முழங்கை அளவுக்குச் சுருக்கி வைத்ததைப் போல இருந்தது. ஜன்னலோரத்தில் வைத்தேன்.

2

வாழையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாழை இலைக் கடை வைத்திருந்தார். இப்போது என் தம்பி பாலு அதை நடத்துகிறான். காவிரிக்கரை ஊர்களிலிருந்து விடிவதற்குள் இலைக்கட்டுகள் வந்து இறங்கிவிடும். கல்யாண வீட்டுக்கு நுனி இலை தனியாக, ஓட்டலுக்கு நறுக்கிய ஏடு தனியாக என்று பிரித்து அடுக்குவோம். பள்ளிக்கூடம் போவதற்கு முன் நானும் தம்பியும் செய்த வேலை ஒன்றுதான். வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி இலைகள்மேல் தெளித்துக்கொண்டே இருப்பது. பிறகு ஈரச்சாக்கு போட்டு மூடுவது. திருச்சி வெயிலில் கொஞ்சம் அசந்தால் இலை சுருண்டுவிடும். சுருண்ட இலையை யாரும் வாங்க மாட்டார்கள்.

அதனால் வாடிய இலையைக் கண்டால் என் கை தானாகத் தண்ணீரைத் தேடும். யோசிப்பதற்கே இடம் கிடையாது.

முரளி வளர்ந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். கோயிலைச் சுற்றியே பொழுது புலர்ந்து பொழுது சாயும் குடும்பம். அப்பா கல்லூரி ஆசிரியர், அண்ணா வங்கி அதிகாரி. நானும் அவரும் திருச்சியில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். கல்யாணத்துக்கு இரண்டு வீடும் சம்மதிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தக் கதை இங்கே வேண்டாம். அவர் தன் அண்ணாவோடு போனில் பேசும்போது ஒரு தமிழ் பேசுவார், என்னோடு ஒரு தமிழ் பேசுவார் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். எங்கள் மகள் யாழினிக்கு வயது பதினாறு. அவளுக்கு இரண்டு தமிழும் புரியும், ஆனால் அவளுடைய கோபம், சிரிப்பு, கனவு எல்லாம் ஜெர்மன் மொழியில்தான்.

3

செடி வந்த சில வாரங்களில் இலைகள் தொங்க ஆரம்பித்தன. முதலில் வெளிவரிசை இலைகள். பிறகு எல்லாமே. நிமிர்ந்து நின்ற காம்புகள் தொட்டியின் விளிம்பில் மடிந்து, இலை நுனிகள் ஜன்னல் திண்டைத் தொட்டன. கூடத்துக்குள் நுழைந்ததும் கண் அங்கேதான் போகும்.

ஜன்னலுக்குக் கீழே வெப்பக் குழாய் ஓடுகிறது. அந்தச் சூடுதான் காரணம் என்று நான் முடிவு கட்டி, செடியைப் புத்தக அலமாரி மேல் வைத்தேன். இரண்டு நாளில் முரளி அதைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றியிருந்தார். ஒரு நாள் அது மறுபடியும் ஜன்னலுக்கு வந்திருந்தது. யார் மாற்றினார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்தச் செடியைப் பற்றிப் பேசினால் பேச்சு அது வந்த நாளைத் தொடும். அந்த நாளைத் தொட எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

பாலுவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். பின்னால் மார்க்கெட் இரைச்சல்.

"என்னக்கா, எலக்கடைக்காரர் மகளுக்கு இதுகூடத் தெரியாதா? தண்ணி தெளி. ஈரத்துணி போட்டு மூடி வையி. சாயங்காலம் பாரு, நிமிந்துரும்."

தெளித்தேன். மூடினேன். நிமிரவில்லை.

பிறகு எங்கள் தெருமுனைப் பூக்கடைக்குப் போனேன். இங்கே என் ஜெர்மன் என்னைக் காலை வாரியது. தண்ணீர் ஊற்றுவதற்கு இவர்கள் "கீஸன்" என்பார்கள். ஒன்றை ரசித்து அனுபவிப்பதற்கு "கெனீஸன்". நான் குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளராக இருக்கிறேன், நாள் முழுக்க ஜெர்மன் பேசுகிறேன். இருந்தும் பதற்றத்தில் கடையில் இருந்த பெண்ணிடம், "வாரத்துக்கு இரண்டு தடவை இதை நான் ஆற அமர ரசித்து அனுபவிக்கிறேன், அப்படியும் வாடுகிறது" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள். "ரசிப்பது ரொம்ப நல்லது. தண்ணீரும் ஊற்றுகிறீர்களா?"

"அதைத்தான் சொன்னேன்! வாரத்துக்கு இரண்டு டம்ளர்."

"குளிர்காலத்துக்கு அது தாராளம். வெளிச்சம் போதாமல் இருக்கலாம்" என்றாள்.

வெளிச்சத்துக்கு நான் எங்கே போவேன்? ப்ரேமனில் மார்கழி மாதம் மத்தியானம் மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும். வீட்டுக்கு வந்து, செடியின் அருகே ஒரு மேசை விளக்கை எரியவிட்டேன். அடுத்த வாரம் இரண்டு இலைகள் மஞ்சளாயின.

4

அந்த நாட்களில் முரளி காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்திருப்பார். வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களைக் கம்ப்யூட்டரில் பார்ப்பார். வேலைவாய்ப்பு அலுவலகம் அவ்வப்போது நேரம் குறித்து அழைக்கும். அங்கே ஓர் அம்மாள், தன்மையாகத்தான், ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பாராம். "வேறு எந்த வேலையில் உங்களை நீங்கள் கற்பனை செய்து பார்க்கிறீர்கள்?"

"என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"யோசிக்கிறேன்னு சொன்னேன்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்திலிருந்து அவர் அண்ணா கூப்பிடுவார். "என்னடா முரளி, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா? ஏதாவது தகைஞ்சுதா?"

"பாத்துண்டிருக்கேன் அண்ணா. வந்துடும்."

"பெருமாள் இருக்கார். உன் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏத்தாப்பல வரும். அவசரப்பட்டு எதுலயும் சிக்கிக்காதே."

போனை வைத்த பிறகு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஜன்னலில் செடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்.

யாழினி பள்ளியிலிருந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பிட மட்டும் வெளியே வருவாள். எதைக் கேட்டாலும் "ம்" அல்லது "தெரில". அப்பாவின் வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே வளர்ந்த பிள்ளை, அவளுக்கு அவள் உலகம்தான் பெரிது என்று நான் மனத்துக்குள் குறைப்பட்டுக்கொண்டேன். பிள்ளைகள் கையைவிட்டுப் போகிறார்கள் என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சந்தித்தால் பேசிக்கொள்வது வழக்கம். நானும் தலையாட்டுகிறவளாக ஆகிவிட்டேன்.

சொல்லப்போனால் நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் மிகவும் ஜாக்கிரதையாக நடத்திக்கொண்டோம். யாரும் சத்தம் போடவில்லை. யாரும் சண்டை பிடிக்கவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

5

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் "அய்யோ!" என்று யாழினியின் குரல். பின்னாலேயே, "அம்மா, இங்க வா! சீக்கிரம்!"

அவள் அறை ஜன்னல் தெற்குப் பார்த்தது. அங்கே வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக வரும் என்று செடியைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்திருக்கிறாள். தொட்டி எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்திருக்கிறது. கை சரிந்து, தொட்டி சாய்ந்து, உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டிவிட்டது. அவள் காலுறை, விரிப்பு, தரை எல்லாம் நனைந்து கிடந்தன. பழுப்புத் தண்ணீர். அதிலிருந்து ஒரு நாற்றம். வாய்க்காலில் தூர் வாரும்போது வருமே, அந்த நாற்றம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த வெள்ளைப் பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டையே இல்லை. செடி இருந்தது உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில். அதன் ஓட்டை வழியாக வடிந்த தண்ணீரெல்லாம் வெளித் தொட்டியில் தேங்கி, செடி கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறது.

"யாரு இவ்ளோ தண்ணி ஊத்துனது?" என்றாள் யாழினி.

"நான் வாரத்துக்கு ரெண்டு டம்ளர்தான் ஊத்துறேன். அதுக்கு இவ்வளவு சேராதே" என்றேன்.

முரளி துணி எடுத்துவந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நான் தினம் ஊத்துறேன்" என்றார்.

"தினமுமா?"

"மத்தியானம். கொஞ்சந்தான். நீ வேலைக்குப் போயிடுற, இவ ஸ்கூலுக்குப் போயிடுறா. வீட்ல நானும் அதுவும்தான். நான் சாப்பிட உக்காரும்போது அதுக்கும் ஊத்துவேன்."

யாழினி நனைந்த காலுறையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக, "நானும் ஊத்துனேன்" என்றாள்.

"நீயா?"

"ஸ்கூல்லேருந்து வந்த ஒடனே. அப்பா தூங்கிட்டு இருப்பாங்க, இல்லன்னா பாத்ரூம்ல இருப்பாங்க. அப்ப ஊத்துவேன்."

"எதுக்குடி?"

அவள் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "அது அப்பாவோட செடில்ல. வேலை போன அன்னிக்குக் குடுத்தாங்கள்ல. இதுவும் செத்துப் போச்சுன்னா அப்பா ரொம்பக் கஷ்டப்படுவாங்கன்னு."

முதலில் சிரித்தது முரளிதான். தரையில் மண்டியிட்டபடியே, கையில் ஈரத்துணியோடு, உடம்பு குலுங்கச் சிரித்தார். "ஆளாளுக்குப் பாவம் பாத்து, மூணு பேரும் சேர்ந்து இதை மூழ்கடிச்சிருக்கோம்!" பிறகு யாழினி சிரித்தாள், நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. யாழினி போய் அவர் பக்கத்தில் தரையில், அந்த ஈரத்திலேயே, உட்கார்ந்துகொண்டாள். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்துபோகவில்லை.

6

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, செடியை மண்ணோடு வெளியே எடுத்தோம். வேர்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவினோம். பெரும்பாலானவை பழுப்பாகி, தொட்டால் கொழகொழவென்று இருந்தன. ஒன்றை லேசாக இழுத்தேன். மேல்தோல் உருவிக்கொண்டு கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நின்றது. நடுவில் மட்டும் சில வேர்கள் வெள்ளையாக, விறைப்பாக இருந்தன.

யாழினி போனில் படித்ததையும் பள்ளியில் உயிரியல் வகுப்பில் கேட்டதையும் சேர்த்து எங்களுக்கு விளக்கினாள். அவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

"வேரும் மூச்சு விடணும்மா. மண்ணுக்குள்ள சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அதுல காத்து இருக்கும். எப்பவும் தண்ணியே நின்னுச்சுன்னா காத்துக்கு எடம் இல்ல. வேர் அழுகிடும். அழுகுன வேரால தண்ணி உறிஞ்ச முடியாது. அதனால இலைக்குத் தண்ணியே போகல."

"அப்ப இது வாடுனது தாகத்துலதானா?" என்றார் முரளி.

"ஆமாப்பா. தண்ணிக்குள்ளயே நின்னுட்டு தாகம். தண்ணி இல்லாம வாடுனாலும் இப்படித்தான் தொங்கும், ஜாஸ்தியாகி வாடுனாலும் இப்படித்தான் தொங்கும். இலையைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. வெரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாக்கணும். தொட்டியைத் தூக்கிப் பாக்கணும். நாம யாருமே தூக்கிப் பாக்கல."

தொட்டியை எத்தனை முறை இடம் மாற்றியிருந்தோம்! ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர் கண்ணில் படாமல், அவசரமாக நகர்த்தினோமே தவிர, கனக்கிறதா என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மரத்திலிருந்து வெட்டி வந்த வாழை இலைக்கு மேலே தெளிக்கும் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை, அதற்கு வேர் இல்லை. இதற்கு வேர் இருந்தது. காந்தி மார்க்கெட்டில் என் கை கற்றுக்கொண்டது இங்கே செல்லாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பாலுவிடம் பிறகு சொன்னபோது, "அட ஆமால்ல" என்றான்.

முரளி கத்தரிக்கோலை வெந்நீரில் கழுவி எடுத்துவந்து, அழுகிய வேர்களை ஒவ்வொன்றாக வெட்டினார். வெட்டிக்கொண்டே, "ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.

நானும் யாழினியும் நிமிர்ந்து பார்த்தோம்.

"ட்ராம் ஓட்டுறதுக்கு ஆள் எடுக்குறாங்க. போய்ப் பார்த்தேன். தேர்வு வச்சாங்க, கண்ணு டெஸ்ட் பண்ணாங்க. எடுத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. பயிற்சி அவங்களே குடுப்பாங்க. புதன்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"எப்பப் போனீங்க?"

"போன மாசம். அலுவலகத்துல கூப்பிட்டிருக்காங்கன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கு."

எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அதை மறைக்க விரும்பவில்லை. இத்தனை வருடம் மேசை வேலை பார்த்த மனிதர், சித்திரை வீதிப் பிள்ளை, ட்ராம் ஓட்டுவதா என்று எனக்குள்ளும் ஒரு குரல் கேட்டது. இலைக்கடைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டதற்கே அவரை எவ்வளவு பேச்சுப் பேசினார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. அவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"ஊர்ல என்ன சொல்றது, அண்ணாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உன்கிட்டயும் சொல்ல வாய் வரல" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி கேட்டாள். "எந்த லைன்பா? நம்ம வீட்டு வழியாப் போற லைனா?"

முரளி திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். "எல்லா லைனும் ஓட்டப் பழக்குவாங்க" என்றார்.

"செம்மப்பா! என் ஸ்கூல் ஸ்டாப்ல நிறுத்துவீங்களா? என் ஃப்ரெண்ட்ஸ்லாம் ஏறுவாங்க!"

அவள் குரலில் துளிக்கூட நடிப்பு இல்லை. அவளுக்கு ஸ்ரீரங்கத்து மேல் கீழ் எதுவும் தெரியாது. அவள் இங்கேயே வளர்ந்துவிட்டாளே என்று எத்தனை முறை வருத்தப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "முன்னாடி உக்கார வச்சுக் காட்டுனாங்க. எவ்வளவு பெரிய கண்ணாடி தெரியுமா? ஆறு, பாலம், மார்க்கெட், எல்லாம் எதுக்க வருது. இத்தனை வருஷமா ஒரு திரையில கட்டம் கட்டமாப் பார்த்துட்டு இருந்துட்டேன். இந்த ஊர்லதான் இருக்கேன்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

"அப்ப புதன்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்றேன்.

யாழினி ஓட்டை உள்ள ஒரு தொட்டியில் புது மண் நிரப்பினாள். மிஞ்சிய வெள்ளை வேர்களோடு செடியை வைத்தோம். மஞ்சள் இலைகளை நறுக்கிவிட்டதில் பாதிச் செடிதான் இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

7

அதன் பிறகு எங்களுக்கு வாய்த்ததுதான் கஷ்டமான வேலை. ஒன்றும் செய்யாமல் இருப்பது. வேரைக் கழுவி நட்ட மறுநாள் இலைகள் முன்னைவிட மோசமாகத் தொங்கின. கை பரபரக்கும். நான் டம்ளரோடு அந்தப் பக்கம் போனால் யாழினி அறையிலிருந்தே, "அம்மா, கையை வச்சிட்டு சும்மா இரு!" என்பாள். அவள் அறைக் கதவு இப்போது திறந்திருந்தது.

முரளி பயிற்சிக்குப் போகத் தொடங்கினார். அவருக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும், ஆனால் கணக்குப் பார்க்கிற ஜெர்மன் வேறு, தண்டவாளத்து ஜெர்மன் வேறு. மாலையில் சாப்பாட்டு மேசையில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்காருவார்கள். அவர் பயணிகளுக்கான அறிவிப்பைச் சொல்லிப் பார்ப்பார். "தயவுசெய்து கதவை விட்டுத் தள்ளி நில்லுங்கள்" என்பதை அவர் ஜெர்மனில் சொன்னால் ஏதோ கோயிலில் பாசுரம் சேவிக்கிற மாதிரி ராகமாக வரும். யாழினி மேசையைத் தட்டுவாள். "அப்பா, கடைசில இழுக்காதீங்க! நீங்க கதவை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்றீங்களா, பாட்டுப் பாடறீங்களா?" அவர் மறுபடி சொல்வார். மறுபடி இழுக்கும். சமையலறையில் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பாலுவிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வி. "ஒரு வண்டியில எவ்வளவு பேரு ஏறுவாங்கக்கா?"

"ரெண்டு மூணு பஸ்ஸு கூட்டம் ஏறும்டா."

"அத்தனை பேரும் மாமாவை நம்பி உக்காந்திருப்பாங்க. கெத்துதான் போ!"

அண்ணாவிடம் முரளியே சொன்னார். அண்ணா கேட்டார். "கவர்ன்மென்ட் உத்யோகமா?"

"ஊர் நிர்வாகத்தோடது அண்ணா. கார்ப்பரேஷன் மாதிரி."

"அப்படிச் சொல்லு! அப்போ ஸ்திரம்தான். பெருமாள் வழி விட்டிருக்கார்" என்றார் அண்ணா. போனை வைத்துவிட்டு முரளி என்னைப் பார்த்த பார்வையில், இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்ற கேள்வி இருந்தது. அண்ணா அதை ஸ்ரீரங்கத்தில் மற்றவர்களிடம் எப்படிச் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. போக்குவரத்தில் அதிகாரி என்று சொல்லியிருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

செடி அவசரப்படவில்லை. பனி விட்டு, மாலை நேரம் கொஞ்சம் நீண்டு, ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்ற நிலை வந்த பிறகு, ஒருநாள் காலையில் நடுவில் ஓர் இலை எழுந்து நின்றது. அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கப்புறம் வாழைக் குருத்து மாதிரியே சுருண்டு, இளம்பச்சையில் ஒரு புது இலை வெளியே வந்தது. சில இலைகள் கடைசிவரை எழவில்லை. அவற்றை நறுக்கிப் போட்டோம். இன்றைக்கும் அது வந்தபோது இருந்த அளவுக்கு இல்லை. பூ வருமா என்று தெரியாது. ஆனால் இருக்கிற இலை எல்லாம் நிமிர்ந்திருக்கிறது.

முரளி முதல்முறையாகத் தனியாக வண்டி எடுத்த அன்று, காப்பகத்தில் சீக்கிரம் விடைபெற்றுக்கொண்டு, ஆற்றுப்பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் நின்றேன். அவரிடம் சொல்லவில்லை. மழை தூறியது. வண்டி வந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் சீருடையில் அவர். என்னைப் பார்த்துவிட்டார், ஆனால் சிரிக்கவில்லை. வேலையில் இருக்கிறாரே. நான் கடைசிப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். கதவுகள் மூடுவதற்கு முன் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. கதவை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னது. கடைசியில் லேசாக இழுத்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்து, தன் பக்கத்தில் இருந்தவரிடம், "அழகான குரல்" என்றார். அவர் என் வீட்டுக்காரர் என்று ஜெர்மனில் சொல்ல வாயெடுத்தேன். சரியான வார்த்தை வரவில்லை. சும்மா சிரித்து வைத்தேன்.

இன்று காலை காப்பி முடிந்ததும் முரளி வேலைக்குக் கிளம்பினார். நான் மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருந்தேன். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே அவர் வீட்டுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார்.

"மண்ணு காஞ்சிருந்துச்சு, நான் ஊத்திட்டேன்! ரெண்டு பேரும் கிட்டப் போகாதீங்க!"

"ஓகேப்பா!" என்று உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்த யாழினி கத்தினாள்.

"சரிங்க!" என்று நானும் கத்தினேன்.

கீழ்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை. இந்த ஊரில் காலையில் யாரும் இப்படிச் சத்தம் போடுவதில்லை.